‘வண்டி சறுக்கி விழுந்தார்’: ஒரே வரிக்குள் மறைந்துபோகும் விபத்துக் காயங்கள்

முறிவுமருத்துவர் எழுதியது:

நான்குவழிச் சாலையை ஒட்டிய ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில், எலும்பு முறிவுப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சென்ற வாரம் முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வுக்காக, எங்கள் விபத்துப் பதிவேட்டின் பழைய தொகுதிகளைப் புரட்ட நேர்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: ‘இருசக்கர வாகனத்தில் சென்றபோது சறுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது.’ ஆனால் அந்த வரிக்குக் கீழே எழுதப்பட்டிருந்த காயங்கள் ஒன்றுக்கொன்று சிறிதும் ஒத்துப்போகவில்லை. ஒருவருக்குப் பின்மண்டை எலும்பு உடைந்திருந்தது. அடுத்தவருக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. மூன்றாமவருக்கு இடுப்பெலும்பு வளையம் முன்பக்கம் புத்தகம் போல விரிந்திருந்தது. இவர்கள் மூவரும் ஒரே விதமாகச் சறுக்கி விழுந்திருக்கவே முடியாது.

காயத்தைப் பார்த்தால் விபத்து நடந்த விதத்தைப் பெருமளவு சொல்லிவிட முடியும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சாலையைக் கடக்கும் பெரியவர் மீது கார் மோதினால், முதல் அடி பம்பர் உயரத்தில், அதாவது முழங்காலையொட்டி விழுகிறது. அதன் பிறகு உடல் பானெட்டின் மீது ஏறி, இடுப்போ விலாவோ அடிபட்டு, கடைசியில் தலை முன்கண்ணாடியிலோ சாலையிலோ மோதுகிறது. குழந்தையாக இருந்தால் அதே பம்பர் தொடை உயரத்துக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் தொடையெலும்பு முறிவோடு வரும் குழந்தையின் மார்பையும் வயிற்றையும் தலையையும் நாங்கள் விடாமல் சோதிக்கிறோம். பேருந்து, லாரி போன்ற தட்டை முகப்புள்ள வண்டிகள் மோதினால் உடல் மேலே ஏறுவதில்லை. முன்னால் தள்ளப்பட்டுச் சக்கரத்தின் அடியில் போகிறது. சக்கரம் ஏறிய காலில் வெளியே டயர் தடம் மட்டுமே தெரியும். உள்ளே தோல் முழுவதும் தசையிலிருந்து பிரிந்து, இடையில் இரத்தம் தேங்கியிருக்கும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது சிராய்ப்பாகத் தெரிந்துவிடக்கூடும்.

இருசக்கர வாகனம் ஓட்டியவர் நேருக்கு நேர் மோதும்போது உடல் முன்னோக்கிச் சென்று, பெட்ரோல் டேங்கில் இடுப்பு இடிக்கிறது. இடுப்பு வளையம் விரிவது அதனால்தான். பக்கவாட்டில் இன்னொரு வண்டி உரசினால் நடுவில் சிக்கிய கால் உடைகிறது. கீழ்க்காலின் முன்புற எலும்பின் மேல் தோலைத் தவிரச் சதை கிடையாது என்பதால் அந்த முறிவு எளிதில் திறந்த முறிவாகி விடுகிறது. காரின் முன்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால், தொடையெலும்பின் பந்து பின்பக்கமாகக் கழன்றுவிடுகிறது. அந்தக் கால் குட்டையாகி, மடங்கி, உட்புறம் திரும்பிக் கிடக்கும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அதைப் பொருத்தாவிட்டால், பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கெட்டு அது நாளடைவில் செத்துப்போகும் அபாயம் கூடிக்கொண்டே போகும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடத்திலும், 17,884 உயிரிழப்புகளோடு உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்திலும் இருந்தது. இவை காவல்துறையின் பதிவுகளைத் தொகுத்துப் பெற்ற எண்கள். எந்த இருக்கை, எந்த உயரத்தில் அடி, எந்தப் பொருளில் மோதல் என்ற விவரங்கள் மருத்துவமனையில் மட்டுமே தெரியவருகின்றன. அவற்றை நாம் எழுதி வைப்பதே இல்லை. இந்தக் குழுவில் செவிலியர்களும் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறீர்கள். உங்கள் மருத்துவமனைகளிலும் ஊர்களிலும் நீங்கள் காணும் காயங்கள் எவை, அவற்றைப் பதிவு செய்ய முடியுமா, எப்படி என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

வணக்கம் மருத்துவர் ஐயா. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர். தாங்கள் சொன்ன ‘பின்மண்டை எலும்பு உடைந்தவர்’ என்பதைப் படித்ததும், அது ஒரு பெண்ணாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எங்களிடம் அப்படி வரும் பெண்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கணவரோ மகனோ தம்பியோ ஓட்டும் வண்டியின் பின்னால், சேலை கட்டிக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை மடியில் இருக்கும் பையையோ குழந்தையையோ பிடித்திருக்கிறது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்குகிறது. ஓட்டியவருக்கு ஹேண்டில்பார் இருக்கிறது. இவருக்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து விழும்போது கையை ஊன்றக்கூட அவகாசமில்லாமல் பின்மண்டை நேராகத் தாரில் அடிக்கிறது. வண்டி விழுவதில்லை, ஓட்டியவருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. சிறிது தூரம் போன பிறகுதான் பின்னால் ஆள் இல்லை என்பதே தெரிந்தது என்று சொல்லி அழுத மகன்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியே விழாத இந்த நிகழ்வுகளும் பதிவேட்டில் ‘சறுக்கி விழுந்தார்’ என்றுதான் ஏறுகின்றன.

ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்திருக்கிறார், பின்னால் இருப்பவர் அணியவில்லை என்பதை ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் காண்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட இருவருக்குமே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு தலைக்கவசம் இருந்தால் அது வேலைக்குப் போகும் ஆணின் தலைக்குத்தான் போகிறது. தாங்கள் எடுத்துக்காட்டிய அதே 2022ஆம் ஆண்டு அறிக்கையில், தலைக்கவசம் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள் என்று இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் ஒருக்களித்து அமர்ந்திருந்தவர்கள் என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது.

துப்பட்டா, சேலைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் காயங்களையும் இதில் சேர்க்க வேண்டும். துப்பட்டா கழுத்தை இறுக்கும்போது வெளியே ஒரு சிவந்த கோடு மட்டும் தெரியும், குரல் கம்மியிருக்கும். அதைத் தொண்டைக் கட்டு என்று எண்ணிவிடக் கூடாது, மூச்சுக்குழல் கிழிந்திருக்கக்கூடும். பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் பாதுகாப்பு அமைப்பும், பின்னால் அமர்பவருக்கான கைப்பிடியும் கால்தாங்கியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. புதிய பைக் வாங்கியவுடன் ‘அழகு கெடுகிறது’ என்று அந்த சேலைக் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் எங்கள் பகுதியில் மிகச் சாதாரணமாகிவிட்டது. அந்தக் கம்பி இல்லாததால் நேர்ந்த காயம் என்று ஒரு பதிவேட்டிலும் நான் எழுதியதில்லை. எழுத வேண்டும் என்ற எண்ணமே இன்றுவரை வரவில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற_பொறியாளர் எழுதியது:

செவிலியர் அம்மா குறிப்பிட்ட வேகத்தடைகளைப் பற்றி நான் பேசியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் சாலைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு எனக்கும் இருக்கிறது.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு வண்டிகளைக் குறைக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். அதன்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பூசப்பட்டு, 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை நிற்க வேண்டும். நம் ஊர்களில் இருப்பவற்றில் பல, ஒரு விபத்து நடந்த மறுநாள் மறியல் செய்த மக்களைச் சமாதானப்படுத்த, மீந்துபோன தார்க்கலவையைக் கொண்டு ஒரே இரவில் கொட்டப்பட்டவை. ஒரு முழம் அகலத்தில், செங்குத்தாக, வண்ணமில்லாமல் கிடக்கின்றன. கார் அதை ஒரு குலுக்கலோடு கடந்துவிடும். பின்னால் ஒருக்களித்து அமர்ந்திருக்கும் பெண்ணை அது இருக்கையிலிருந்து தூக்கி எறிகிறது. ஒரு உயிரைக் காக்க வேண்டும் என்று மக்கள் கேட்டுப் பெற்ற மேடு அது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

நான்குவழிச் சாலையில் இன்னொரு நோய் உண்டு. சாலை போட்டபோது கிராமம் ஒரு பக்கமும், பள்ளிக்கூடமோ வயலோ ரேஷன் கடையோ மறுபக்கமுமாகப் பிரிந்துவிட்டன. முறையான கடவை இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது, நடுத்திட்டில் செடிகளை விலக்கி ஊர்மக்களே ஓர் இடைவெளியை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அல்லது இருசக்கர வாகனத்தில் எதிர்த்திசையிலேயே ஓரமாக வருகிறார்கள். மருத்துவர் ஐயாவிடம் வரும் நேருக்கு நேர் மோதல்களில் எத்தனை இப்படி நேர்ந்தவை என்று தெரிந்தால், எந்த ஊரில் சுரங்கப்பாதை வேண்டும் என்பதை அதிகாரிகளிடம் ஆதாரத்தோடு கேட்கலாம். எங்களுக்கு வரும் கடிதத்தில் ‘இந்தக் கிலோமீட்டரில் இத்தனை இறப்பு’ என்றுதான் இருக்கும். கால் போனவர்களும் நினைவு போனவர்களும் அந்தக் கடிதத்தில் இருப்பதில்லை.

சைரன்_ஒலி எழுதியது:

நான் 108 ஊர்தியில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். நாங்கள் சம்பவ இடத்தைக் கண்ணால் பார்க்கிறோம். தலைக்கவசம் இருபது அடி தள்ளிக் கிடக்கும். வார் மாட்டப்படாமல் தலையில் வெறுமனே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும். சில நேரங்களில் அது டேங்கின் மேலேயே பத்திரமாக இருக்கும். நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறத்தில் கார் புகுந்திருந்தால், லாரியின் தளம் காரின் கண்ணாடி உயரத்தில் இருப்பதால் முகமும் தலையும்தான் முதலில் இடிபட்டிருக்கும். காற்றுப்பை விரிந்தும் பயனிருக்காது. இவற்றை எங்கள் படிவத்தில் எழுதுகிறோம். ஆனால் மருத்துவமனையில் நோயாளியை ஒப்படைக்கும்போது வாயால் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்கு ஓடுகிறோம். நாங்கள் சொன்னது எங்கே போகிறது என்று தெரியவில்லை.

விவசாயக் கூலி வேலைக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் சரக்கு வேன் கவிழ்ந்த இடங்களுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். நின்றுகொண்டும் விளிம்பில் அமர்ந்தும் வருபவர்கள் ஒரே வீச்சில் வெளியே எறியப்படுகிறார்கள். அதிகமாக அழுபவரைவிட, அழாமல் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தால் இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே கொட்டும். ஒரு போர்வையை மடித்து, இரண்டு தொடை மேட்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டால் அந்தக் கசிவு ஓரளவு குறையும். அந்த ஒரு கட்டுக்காக நாங்கள் செலவிடும் இரண்டு நிமிடத்தை, ‘சீக்கிரம் தூக்குங்கள்’ என்று சுற்றி நின்று கத்துபவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடதுகை எழுதியது:

மருத்துவர்களும் மற்றவர்களும் பேசும் இடத்தில் நோயாளியாக இருந்தவன் ஒருவனும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, நல்ல தலைக்கவசத்தை வார் மாட்டி அணிந்துகொண்டுதான் சென்றேன். நாய் குறுக்கே வந்தது. தலைக்கு ஒன்றுமாகவில்லை. இடது தொடையெலும்பு முறிந்ததால் எல்லோருடைய கவனமும் அந்தக் காலின் மேல் இருந்தது; என் கவனமும் அங்கேதான் இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து தொடைக்குள் கம்பி வைத்தார்கள். அது மிக நன்றாகவே கூடியது. இடது கை அசையவில்லை என்று நான் சொன்னபோது, அடிபட்ட அதிர்ச்சி, கட்டு பிரித்தால் சரியாகும் என்றார்கள். வீட்டுக்கு வந்து, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டு வைத்தியரிடமும் காட்டி, எட்டு மாதம் கழித்து வேறோர் ஊரில் ஒரு மருத்துவர் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை வேரோடு பிய்ந்திருக்கிறது என்றார். தோள் தரையில் மோதி, தலை எதிர்ப்பக்கம் இழுபடும்போது இப்படி ஆகும் என்று அவர்தான் விளக்கினார். முதல் சில மாதங்களுக்குள் வந்திருந்தால் வேறு நரம்பைக் கொண்டுவந்து இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

என் பதிவேட்டிலும் ‘சறுக்கி விழுந்தார்’ என்றுதான் இருக்கிறது. ‘இடது தோள் தரையில் மோதியது’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அடுத்து வந்தவர் என் கையை ஒருமுறை தூக்கிப் பார்த்திருப்பாரோ என்று இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். யார் மீதும் எனக்குக் கோபமில்லை.

முறிவுமருத்துவர் எழுதியது:

இடதுகை நண்பருக்கு: தங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். பெரிய முறிவு ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது சிறியதாகத் தோன்றும் காயங்கள் தவறிப்போவது எங்கள் தொழிலின் ஆகப்பெரிய ஆபத்துகளில் ஒன்று. தொடையெலும்பு முறிந்த அதே காலில் இடுப்பு மூட்டு கழன்றிருப்பது தவறிப்போகலாம். கையை ஊன்றி விழுந்தவரின் மணிக்கட்டில் இருக்கும் சிறிய படகெலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலேயே போகலாம். சுயநினைவில்லாதவரின் கழுத்தெலும்பும் அப்படித்தான். அடிபட்ட விதம் எழுதப்பட்டிருந்தால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். மறுநாள் காலை, உச்சி முதல் உள்ளங்கால் வரை இன்னொரு முறை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்பதை என் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. இனி தங்கள் கையைப் பற்றியும் சேர்த்துச் சொல்வேன்.

மது அருந்தியவர்கள் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மது வாடையோடு வருபவரைக் ‘குடித்திருக்கிறார், தெளியட்டும்’ என்று ஓரமாகப் படுக்கவைப்பது எளிது. காதுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பு உடைந்து, அதற்கடியில் ஓடும் தமனி கிழிந்தால், அவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையில் இரத்தம் சேரச்சேர, ஒரு மணி நேரத்திலோ நாலு மணி நேரத்திலோ மயங்குவார். உரிய நேரத்தில் மண்டையைத் திறந்து அந்த இரத்தத்தை எடுத்துவிட்டால் நடந்தே வீட்டுக்குப் போகக்கூடியவர் அவர். தூங்குகிறார் என்று எண்ணிவிட்டால் காலையில் எழமாட்டார். 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் உருவாக்கிய, இப்போது 3 முதல் 15 வரை கணக்கிடப்படும் நினைவுநிலை மதிப்பெண்ணை, மணிக்கொருமுறை எழுதி ஒப்பிட்டாலே இந்தச் சரிவு தெரிந்துவிடும். ஒருமுறை மட்டும் எழுதப்பட்ட மதிப்பெண்ணால் பெரிய பயன் இல்லை.

முதுநிலை_மாணவன் எழுதியது:

ஐயா, அடிபட்ட விதத்தையும் நாங்கள் எழுதி வைக்க வேண்டும் என்பதில் மரியாதையோடு மாறுபடுகிறேன். தீபாவளி, பொங்கல் விடுமுறை இரவுகளில் எங்கள் பிரிவில் ஒருவரின் மூச்சுக்குழாயைச் சீர்செய்து முடிப்பதற்குள் அடுத்த இருவர் வந்துவிடுகிறார்கள். காயத்தின் தீவிரத்துக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்புவது, இரத்தம் ஏற்பாடு செய்வது, சி.டி. ஸ்கேனுக்கு ஆள் தள்ளிக்கொண்டு போவது, முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைக்கான ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டப் பதிவு, காவல் நிலையத்துக்குத் தகவல் என்று எல்லாவற்றையும் அதே இரண்டு மூன்று பேர்தான் செய்கிறோம். ஐ.ஐ.டி. மெட்ராஸும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தில் காவல்துறையோடு மருத்துவமனைக்கும் இடம் இருக்கிறது. அதை நிரப்பவே நேரம் போதவில்லை. இன்னொரு படிவம் வந்தால் அதிலும் ‘சறுக்கி விழுந்தார்’ என்றுதான் எழுதப்படும்.

நீதிமன்ற_வாசல் எழுதியது:

மருத்துவ மாணவரின் தயக்கத்தோடு ஒரு வழக்கறிஞரின் தயக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாங்கள் முதலில் கையிலெடுக்கும் ஆவணம் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்தான். அதில் ‘தானாகச் சறுக்கி விழுந்தார்’ என்று இருந்து, பிறகு பதியப்படும் முதல் தகவல் அறிக்கையில் லாரி மோதியதாக இருந்தால், அந்த லாரி பின்னால் சேர்க்கப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். காயம்பட்டவர் நினைவிழந்து கிடந்தபோது, கூட வந்த வழிப்போக்கர் சொன்ன ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் இழப்பீடு ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நான் கண்டிருக்கிறேன். எனவே சரியாக எழுதப்படுவது எங்களுக்கும் வேண்டும். குறிப்பாக ஓட்டியவர் யார், பின்னால் அமர்ந்தவர் யார் என்பது வேண்டும்.

ஆனால் ‘தலைக்கவசம் இல்லை’, ‘எதிர்த்திசையில் வந்தார்’ என்று பெயரோடு எழுதினால், அதையே காயம்பட்டவரின் பங்களிப்பு அலட்சியம், அதாவது விபத்துக்கு அவரும் ஒரு காரணம் என்று காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கேட்பார்கள். ‘மது வாடை’ என்ற இரண்டு சொற்களும் அப்படித்தான். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் என்று அளவைச் சொல்கிறது. இரத்தப் பரிசோதனை இல்லாத வாடை அதற்கு ஈடாகாது. ஊருக்கு நன்மை செய்யும் ஒரு குறிப்பு, எழுதப்பட்டவரின் குடும்பத்துக்குத் தீங்காகிவிடக் கூடாது என்பதை மருத்துவர் ஐயா எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஊனத்தின் அளவு குறித்தும் ஒரு வேண்டுகோள். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், உடலுறுப்பின் ஊன விழுக்காடு வேறு, அதனால் ஒருவர் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கை செயலிழந்த எழுத்தருக்கும் இடது கை செயலிழந்த தச்சருக்கும் இழப்பு ஒன்றாகாது. சான்றிதழில் தொழிலையும் எழுதுங்கள்.

முறிவுமருத்துவர் எழுதியது:

இருவரும் சொன்னவை என் யோசனையை மாற்றிவிட்டன. பதிவேட்டையே விரிவாக எழுத வேண்டும் என்று எண்ணித்தான் இந்த இழையைத் தொடங்கினேன். வழக்கறிஞர் சொன்ன பிறகு, இவை இரண்டு வேறு ஏடுகளாக இருக்க வேண்டும் என்று புரிகிறது. பதிவேட்டில் காயமும், அடிபட்ட இடமும், ஓட்டியவரா பின்னால் அமர்ந்தவரா நடந்தவரா என்பதும், அந்தச் செய்தியைச் சொன்னவர் யார் என்பதும் இருந்தால் போதும். மற்றவை பெயரோ வண்டி எண்ணோ நோயாளி எண்ணோ இல்லாத, தனியான ஒரு குறிப்பேட்டில் இருக்கட்டும்.

மாணவரின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். தம்பி, படிவம் வேண்டாம். ஒரு வரி போதும். உடலில் முதலில் அடிபட்ட இடம், அது மோதிய பொருள், அமர்ந்திருந்த விதம், தலைக்கவசமும் வாரும், விபத்து நடந்த இடத்துக்கு அருகில் உள்ள கடையோ கோயிலோ பெட்ரோல் பங்கோ. இவற்றை 108 உதவியாளரிடம் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார் என்பது சைரன் ஒலி நண்பர் எழுதியதிலிருந்து தெரிகிறது.

கூடவே உண்மையான விபத்து நேரம். நாம் எழுதுவது பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்த நேரம். 40 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை மலிந்த ஊசி மருந்து இரத்தப்போக்கால் ஏற்படும் இறப்பைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் அந்தப் பயன் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான். அதற்குப் பின் போட்டால் தீங்காகவும் ஆகலாம். வேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டு வருபவருக்கு எந்த மணியிலிருந்து கணக்கிடுவது? இந்த ஒரு காரணத்துக்காகவேனும் நேரத்தைக் கேட்டு எழுதுங்கள்.

குழந்தைநல_அறுவை எழுதியது:

சுருக்கமாக இரண்டு செய்திகள். சைக்கிள், பைக்கின் பின்னால் அமரும் சிறு குழந்தைகளின் குதிகால் ஆரக்கம்பியில் சிக்கும் காயம் எங்களிடம் வந்துகொண்டே இருக்கிறது. தோல் நசுங்கிய அளவு முதல் நாளில் தெரியாது, மூன்றாம் நான்காம் நாளில்தான் கறுக்கும். ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்கவைத்து அழைத்துச் செல்லப்படும் குழந்தைக்கு, திடீர் பிரேக்கிலேயே முகமும் மார்பும் ஹேண்டில்பாரில் இடிக்கின்றன. சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய குழந்தை ‘வயிறு வலிக்கிறது’ என்று மறுநாள் சொன்னால், வாய்வு என்று விட்டுவிடாமல் உடனே அழைத்து வாருங்கள், கணையம் நசுங்கியிருக்கக்கூடும்.

குறிப்பேட்டில் ‘நின்றிருந்த குழந்தை’ என்று தனியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பிறகு):

ஐயா, தாங்கள் சொன்னபடி நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றை வாங்கி, ஊசி மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மருத்துவ அலுவலரிடம் முன்னதாகவே அனுமதி பெற்றேன். முதல் சில நாட்கள் நான் மட்டுமே எழுதினேன். இப்போது 108 உதவியாளர்களே நோயாளியை இறக்கிய கையோடு பேனாவை எடுக்கிறார்கள். வேலை நெருக்கடியால் எழுதப்படாத இரவுகளும் உண்டு. அவற்றைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறேன்.

நேற்றிரவு ஒன்பது மணிக்கு மேல் எழுதியது இது: ‘பெண். பின்னால் ஒருக்களித்து. மடியில் அரிசிப் பை. பின்மண்டை தாரில். தலைக்கவசம் இல்லை, ஓட்டிய கணவருக்கு இருந்தது. வண்டி விழவில்லை. கல்யாண மண்டபத்துக்கு எதிரே வேகத்தடை, வெள்ளைப் பட்டை இல்லை.’ எழுதி முடித்துப் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன். அதே கல்யாண மண்டபத்தின் பெயர் வேறு கையெழுத்தில், வேறு இரண்டு பக்கங்களில் ஏற்கெனவே இருக்கிறது.

பொறியாளர் ஐயா, அந்தச் சாலை எந்தத் துறையின் பொறுப்பில் வருகிறது, மனுவை யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்வீர்களா? அந்தப் பெண்ணுக்கு இன்று காலை நினைவுநிலை மதிப்பெண் 13.

ஓய்வுபெற்ற_பொறியாளர் எழுதியது:

அம்மா, ஊரின் பெயரைத் தனிமடலில் அனுப்புங்கள். மாவட்டச் சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்கு எழுத வேண்டும். ஊராட்சிச் சாலையாக இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. எதுவானாலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு நகல் போகட்டும். மூன்று பக்கங்களையும் பார்த்து, தேதியும் நேரமும் காயமும் மட்டும் பிரதி எடுத்து அனுப்புங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன். மேட்டின் உயரத்தை அளக்க நாளைக் காலையில் ஒரு நாடாவோடு நானே போகிறேன்.